மணல் நனைந்திருந்தது

நான் ஓய்வு பெற்றதை எங்கள் தெரு வாட்ஸப் குழு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்காலம் வந்துவிட்டால் எல்லார் கைப்பேசியும் ஒரே நேரத்தில் கீச்சென்று கத்தும். 'பாலாற்றில் நீர்வரத்து அதிகரித்துள்ளதால் கரையோர மக்கள் உடனடியாகப் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்று ஒரு செய்தி வந்து விழும். அடுத்த நிமிடமே அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டு, என் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். "பெருமாள்ணா, இது நமக்கா, வேலூருக்கா?" "அண்ணா, எப்ப வரும்? ஸ்கூல் லீவு வுடுவாங்களா?" "அண்ணா, பூ வாங்கி வைக்கலாமா?"

பூ கேட்பவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. எங்கள் ஆற்றில் தண்ணீர் வருவது வருஷா வருஷம் நடக்கிற காரியம் இல்லை. வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் தாண்டி வேலூர் வரைக்கும் பாலாறு என்றால் மணல்தான். அதில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள், மாடு மேயும், கல்யாண மண்டபத்துக்கு வந்த வேன்கள் வரிசையாக நிற்கும். அப்படிப்பட்ட ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று காதில் விழுந்தால் ஊரே கற்பூரமும் மஞ்சளும் தேங்காயுமாக ஓடும். ஷூ கம்பெனிப் பெண்கள் ஷிப்டு முடிந்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து கும்பிட்டுவிட்டு நிற்பார்கள். மற்ற ஊர்களில் வெள்ள எச்சரிக்கை என்றால் ஜனம் ஆற்றைவிட்டு ஓடும். இங்கே ஆற்றைப் பார்க்க ஓடும். இந்த ஜனத்துக்கு எச்சரிக்கை சொல்லித்தான் நான் காலமெல்லாம் சம்பளம் வாங்கினேன்.

லஸ்கராக வேலைக்குச் சேர்ந்தவன் நான். லஸ்கர் என்றால் மதகு திறப்பவன், கரையைச் சுற்றி வருபவன், அதிகாரி வந்தால் முன்னால் போய் முள்ளை விலக்குபவன். முதலில் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவார ஏரிகளில் போட்டார்கள். மலையில் இடி இடித்தால் மதகுச் சாவி இடுப்பில் இருக்க வேண்டும் என்பதுதான் அங்கே நான் படித்த பாடம். அப்புறம் துறைத் தேர்வுகள் எழுதி, ஒருவழியாகப் பணி ஆய்வாளர் ஆகி, ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையில் ஆற்றங்கரையை ஒட்டி இருந்த பிரிவு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். வேலை என்றால் என்ன என்று தெரிந்தது அங்கேதான். தெரியவைத்தவர் உதவிப் பொறியாளர் கற்பகம் மேடம்.

மேடம் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் முன்னால் யாரும் சுவரில் சாய்ந்து நிற்க மாட்டோம். மழைக்காலத்தில் தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நின்றுதான் எடுப்பார். "உக்காந்து கேட்டா காதும் உக்காந்துடும் பெருமாள்" என்பார். எதிர்முனையில் இருப்பவர் சொன்னதை வரிக்கு வரி திருப்பிச் சொல்லி, அவர் வாயால் 'ஆமாம்' வாங்கிக்கொண்டுதான் ரிசீவரை வைப்பார். எதிர்முனையில் மேலதிகாரியே இருந்தாலும் இந்தச் சடங்கு தப்பாது. மேசையில் அவருடைய டீ எப்போதும் ஆடை கட்டி ஆறிப்போயிருக்கும். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டீ சொல்வார். அதுவும் ஆறும்.

வந்த புதிதில் நான் வாங்கிய முதல் செய்தியை அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

"மேடம், ஆந்திரா பார்டர்ல தண்ணி ஜாஸ்தியா வருதாம்."

"ஜாஸ்தின்னா? உங்க வீட்டு வாசல் வரைக்குமா, எங்க வீட்டு வாசல் வரைக்குமா?"

அவர் சிரிக்கவில்லை. ஆற்றுச் செய்தி என்று எது வந்தாலும் நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்றார். எங்கே அளந்தது? எப்போது அளந்தது? எவ்வளவு? ஏறுகிறதா, இறங்குகிறதா? இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அது செய்தி இல்லை, வதந்தி என்பது அவர் கட்சி.

இன்று குழுவில் கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். எல்லையில் உள்ள தடுப்பணையில் அளந்ததா, நம் பாலத்தில் அளந்ததா என்று பாருங்கள். அங்கே அளந்த தண்ணீர் இங்கே வர நேரமாகும். எப்போது அளந்தது என்று பாருங்கள். செய்தி நாலு கை மாறி உங்கள் கைப்பேசிக்கு வருவதற்குள் தண்ணீர் நின்று காத்திருக்காது. எவ்வளவு என்பதைக் கன அடியில் போடுவார்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு அடியாக ஒரு பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு அத்தனை பெட்டித் தண்ணீர் அந்த இடத்தைக் கடந்து போகிறது என்று அர்த்தம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஒன்றும் தெரியாது. ஆறு அகலமாக இருக்கும் இடத்தில் கணுக்கால் நனைக்கிற அதே அளவு, குறுகிய இடத்தில் ஆளை அடித்துக்கொண்டு போகும்.

நாலாவது கேள்விதான் மேடத்துக்கு உயிர். எங்கள் பாலத்துத் தூணில் கறுப்பும் வெள்ளையுமாக அளவுகோல் வரைந்திருக்கும். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்று என்னைக் கூட்டிப்போய் வெயிலில் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். அலையின் மேட்டையும் படிக்கக் கூடாது, பள்ளத்தையும் படிக்கக் கூடாது. அலை தூணில் மோதி அடங்கும்வரை பொறுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம் எண்ணை விட்டுவிட்டுத் தூணைப் பார்க்க வேண்டும். தண்ணீருக்கு மேலே தூணில் ஈரக்கோடு தெரிந்தால் ஆறு இறங்குகிறது. ஈரக்கோடே இல்லாமல் காய்ந்த சிமெண்டைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தால் ஏறுகிறது. "அளவு கம்மியா இருந்தாலும் ஏறுதுன்னா பயப்படு. ஜாஸ்தியா இருந்தாலும் இறங்குதுன்னா மூச்சு விடு" என்றார். அவரும் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அது மழைக்கான எச்சரிக்கை. ஆற்றுக்கான எச்சரிக்கை வேறு. இங்கே நிறமே சொல்லாத நாளில், தலையைச் சுட்டெரிக்கிற வெயிலில், நம் ஆற்றில் வெள்ளம் வரும். மழை பெய்தது கர்நாடகாவிலோ ஆந்திராவிலோ இருக்கும். "வெயில் அடிக்குது, வெள்ளம்ன்றியே, தண்ணி கின்னி போட்டியா" என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு.

ஜனத்துக்கு அறிவிப்பதற்கும் மேடம் ஒரு முறை வைத்திருந்தார். அப்போது கைப்பேசிச் செய்தி எல்லாம் கிடையாது, மைக் கட்டிய ஆட்டோதான். மூன்று வாசகம். பாலாற்றில் தண்ணீர் திறந்துவிடப்பட்டிருக்கிறது. ஆற்றுக்குள் யாரும் இறங்க வேண்டாம். இறங்கியிருப்பவர்கள் உடனே கரையேறவும். அவ்வளவுதான். அதற்கு மேல் நேரம், அளவு, காரணம் எதுவும் கூடாது.

"நேரம் சொன்னா அதுவரைக்கும் ஜனம் ஆத்துலயே உக்காந்திருக்கும்" என்பார் மேடம். "அளவு சொன்னா புரியாது. காரணம் சொல்ல ஆரம்பிச்சா, ஆட்டோ அடுத்த தெருவுக்குத் திரும்பறதுக்குள்ள பாதிதான் காதுல விழும். அந்தப் பாதிய வச்சிக்கினு மீதிய அவங்களே கட்டிப்பாங்க."

மேடம் சொன்னது சரி. இன்று யோசித்தாலும் அதில் எனக்குத் தப்புக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. என் கஷ்டமே அதுதான்.

ஜெயசீலனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தெரு. நாங்கள் சீலன் என்போம். தோல் பதனிடும் ஷாப்புகளில் சுண்ணாம்பில் ஊறிய தோலை வெட்டிச் சீராக்கும்போது ஓரத் துண்டுகள் விழும். அவற்றை வாங்கி, அலசி, வெயிலில் காயவைத்து, பசை காய்ச்சுபவர்களுக்கு விற்பது அவன் தொழில். ஊருக்குள் காயவைத்தால் நாற்றம் தாங்காமல் சண்டைக்கு வருவார்கள். அதனால் ஆற்றின் நடுவில் இருந்த ஒரு மணல் திட்டுதான் அவனுக்குக் களம். டயர் வண்டியில் இரண்டு மாட்டைப் பூட்டி, துண்டுகளை ஏற்றிக்கொண்டு போய், திட்டு முழுக்கப் பரப்பிவிடுவான். மனைவி எஸ்தர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. லீவு நாளில் அவளும் கூடப் போய்த் திருப்பிப் போடுவாள்.

துண்டு காய்ந்த பதத்தை, அவன் பாஷையில் காய்ச்சலை, அவன் பார்க்கிற அழகை நான் நின்று பார்த்திருக்கிறேன். ஒரு துண்டை எடுத்து விரல் முதுகால் தடவுவான். மடக்குவான். மடக்கியதைக் காதருகே வைத்துக் கேட்பான். மேலே மொறுமொறுவென்று இருக்கிற துண்டை எடுத்து, "இது பொய்க் காய்ச்சல்ணா, உள்ள ஈரம் நிக்குது" என்று மறுபடி வெயிலில் போடுவான். மூட்டை கட்டின பிறகு அவன் சரக்கு பூசணம் பிடித்ததாக யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

நான் அளவுகோல் பார்க்கப் பாலத்துக்குப் போகும்போதெல்லாம் திட்டிலிருந்து கத்துவான். "இன்னாணா, தண்ணியே இல்லாத ஆத்துல இன்னாத்த அளக்குற?"

"தண்ணி இல்லன்றத அளக்கறேண்டா. அதுக்கும் ரிப்போர்ட் அனுப்பணும்."

"நல்ல பொழப்புணா. நீ தண்ணிய அளந்து துன்ற, நான் தண்ணி போனத அளந்து துன்றேன்."

நான் சொல்லவரும் அந்த வருஷத்துக்கு முன்னால் ஆறு வெகுகாலம் வறண்டு கிடந்தது. ஒரு நாள் எல்லையிலிருந்து செய்தி வந்தது. மேடம் எழுந்து நின்று கேட்டு, திருப்பிச் சொல்லி, என்னைப் பார்த்தார். நான் ஆட்டோவில் ஏறினேன். மூன்று வாசகத்தையும் தொண்டை கட்டும்வரை சொன்னேன். முதலில் கரையேறியவன் சீலன். பாதி காய்ந்தும் காயாமலும் இருந்த துண்டுகளை அவனும் எஸ்தரும் அப்படியே வாரி, வண்டியில் அடைத்து, கரையில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள்.

ஜனம் வேறு மாதிரி கேட்டது. வேலூர் லாங் பஜாருக்கு ஆள் அனுப்பிக் கற்பூரம், மாலை எல்லாம் வாங்கி வந்து, ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தது. மத்தியானம் போயிற்று. சாயங்காலமும் போயிற்று. தண்ணீர் வரவில்லை. மாலை வாங்கியவர் அது வாடக் கூடாது என்று குடத்துத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் வெயில் ஏறின பிறகுதான் அந்தத் தண்ணீர் வந்தது. அதுவும் மணலை நக்கிக்கொண்டு, நுரையும் சருகுமாய், திட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால்வாய் அளவுக்கு மெதுவாக நகர்ந்து வந்தது. ஜனத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கற்பூரம் கொளுத்தி, மஞ்சள் தூவி, பிள்ளைகளை அதில் நிற்கவைத்துக் கும்பிட்டார்கள். என்னைத்தான் விடவில்லை. "பெருமாள்ணா, உன் வெள்ளத்துல செருப்புகூட சரியா நனையலியே" என்று ஒருவன் செருப்பைத் தூக்கிக் காட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சீலனின் குவியல் தார்ப்பாய்க்குள் ஒரே நாளில் அவிந்து நாறிப்போயிற்று. குழி தோண்டிப் புதைக்கத்தான் ஆயிற்று. எஸ்தர் என்னைப் பார்த்துக் கேட்டாள். "அண்ணா, உங்க 'உடனே'வுக்கு நாங்க ஒரு லோடு தோலைக் குடுத்துட்டோம். தண்ணி உடனே வந்துச்சா?"

சீலன்தான் அவளை அடக்கினான். "வுடு. அவரு சொன்னாரு, நாம ஏறிட்டோம். உசுரு பெருசா, தோலு பெருசா?" என்றான். பிறகு என்னிடம், "ஆனாலும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன் போலக்குதுணா" என்று சிரித்தான்.

அலுவலகத்தில் நான் மேடத்திடம் முறையிட்டேன். "மானம் போச்சு மேடம். அங்க அவ்ளோ கன அடின்னாங்க, இங்க சாக்கடை மாதிரி வருது."

மேடம் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்க சொன்னதும் பொய் இல்ல, நீ சொன்னதும் பொய் இல்ல பெருமாள். இத்தன வருசமா காஞ்ச மணல். வர்ற வழியெல்லாம் குடிச்சிடுச்சு. இது மணலுக்கு வந்த தண்ணி. மணல் குடிச்ச மிச்சம்தான் நமக்கு. அடுத்த தடவ மணல் குடிக்காது. இதே அளவு வந்தாலும் சீக்கிரமா வரும், முழுசா வரும்."

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. எவ்வளவு சுலபமான விஷயம் என்று வியந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அதற்குப் பிறகு சில நாள் இங்கேயும் மழை பிடித்துக்கொண்டது. சீலனுக்கு வேலை இல்லை. வாங்கின துண்டுகள் தொட்டியில் சுண்ணாம்புத் தண்ணீரிலேயே கிடந்தன. பிறகு ஒரு நாள் மேகம் கலைந்து சுள்ளென்று வெயில் அடித்தது. சீலன் வண்டி பூட்டினான். ஒரு பக்கம் அந்தச் சின்னக் கால்வாய் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால் திட்டு. அதன் மேல்மணல் அன்றைய வெயிலுக்கே வெளுத்துக் காய்ந்துவிட்டிருந்தது.

அன்றைக்குத்தான் மறுபடி மணி அடித்தது. மேடம் எழுந்து நின்று கேட்டார், திருப்பிச் சொன்னார், ரிசீவரை வைத்தார். "போன தடவ வந்த அதே அளவுதான் பெருமாள். ஏறுதாம். ஆனா மணல் நனைஞ்சிருக்கு. போன தடவ மாதிரி நேரம் கெடைக்காது. ஓடு."

நான் ஓடினேன். ஆட்டோவில் தெருத்தெருவாக மூன்று வாசகத்தையும் சொன்னேன். முன்பு மாதிரிதான் ஜனம் வெளியே வந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் அவசரப்படவில்லை. "நாளைக்கு வரும், காலைல போய்க்கலாம்" என்று ஒரு அம்மா என் காதுபடவே சொன்னார். கரைக்கு வந்ததும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, மைக்கை டிரைவரிடம் கொடுத்துவிட்டு, இறங்கிச் சரிவு வரைக்கும் ஓடினேன். திட்டில் சீலன் குனிந்து துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சீலா! தண்ணி வருதுடா! ஏறு!"

அவன் நிமிர்ந்தான். கால்வாய் ஓரம் வரைக்கும் நடந்து வந்தான். இருவருக்கும் நடுவில் அந்தக் கணுக்கால் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"எவ்ளோணா வருது?"

"போன தடவ அளவுதாண்டா."

"அதே அளவா?"

"அதே அளவுதான். உடனே ஏறு."

அவன் அண்ணாந்து வெயிலைப் பார்த்தான். திரும்பித் திட்டைப் பார்த்தான். "போன தடவ மறுநாள்தானணா வந்துச்சு. மழைக்கப்புறம் இன்னிக்குத்தான் வெயிலே அடிக்குது. ஒரு பக்கம் காஞ்சிடுச்சு. வாரி வண்டில போட்டுக்கினு ஏறிடறேன்."

"உடனேன்னா உடனேடா!"

"ஏறிடறேணா. நீ போய் அந்தப் பக்கம் சொல்லு, அங்க பசங்க வெளையாடறானுங்க."

அங்கே பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தது உண்மைதான். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது சீலன் வாரத் தொடங்கியிருந்தான். அவன் என் பேச்சைத் தட்டவில்லை. அவன் கணக்கில் அவனுக்கு நேரம் இருந்தது.

பிள்ளைகளைத் துரத்திக் கரையேற்றிவிட்டு அடுத்த தெருவுக்குள் நுழைந்தோம். பாலத்துப் பக்கமிருந்து பெரிய கூச்சல் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது என்று ஜனம் சந்தோஷத்தில் போடுகிற சத்தம். அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் அது அடங்குவதற்குள் மாறியது. பெண்களின் குரல் மட்டும் தனியாக மேலே எழும்பியது. டிரைவர் என்னைப் பார்த்தார். வண்டியைத் திருப்பினார்.

பாலத்தில் நின்றவர்கள்தான் சொன்னார்கள். கால்வாய் கண்ணுக்கு முன்னாலேயே அகலமாயிற்றாம். வண்டி பாதி வரும்போது சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. சீலன் வண்டியை விட்டுவிட்டு வந்திருக்கலாம். அவன் குனிந்து மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்தான். ஒரு பக்கம் அவிழ்த்து, மறுபக்கம் போய் அதையும் அவிழ்த்தான். மாடுகள் இரண்டும் வெகுதூரம் தள்ளிக் கரையேறி நின்றன. அவனை மறுநாள் எடுத்தார்கள்.

விசாரணை நடந்தது. எச்சரிக்கை கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். கொடுத்தோம். எல்லாத் தெருவுக்கும் போனீர்களா? போனோம். இறந்தவருக்கு நேரில் சொன்னீர்களா? சொன்னேன், கத்திச் சொன்னேன், ஆட்டோ டிரைவர் சாட்சி. உரிய முறையில் எச்சரிக்கை விடுத்தும் அவர் கரையேறத் தாமதித்தார் என்று முடித்தார்கள். எல்லாம் உண்மை. அதில் ஒரு வரியைக்கூட என்னால் மறுக்க முடியாது. மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தொலைபேசி மணி அடித்தது. முதல்முறையாக அவர் உட்கார்ந்தபடியே எடுத்ததைப் பார்த்தேன். கொஞ்ச நாளில் நெமிலிப் பக்கம் மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நாங்கள் இதைப் பற்றிப் பேசியதில்லை.

எஸ்தர் அந்த ஷூ கம்பெனியிலேயே வேலை செய்து மகளைப் படிக்கவைத்தாள். தெருவில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களாணா" என்பாள். குழுவிலும் இருக்கிறாள். எச்சரிக்கை வரும்போது எல்லாரும் கேள்வி கேட்பார்கள், அவள் மட்டும் கேட்டதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை வந்து, தண்ணீர் பெயருக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சில நாளில் மறுபடி கைப்பேசி கத்தியது. அதே வாசகம், அதே அளவு. குழுவில் ஒரே கிண்டல். 'போன வாரமும் இதையே சொன்னாங்க, கால்கூட நனையல' என்று ஒருவன் போட்டான். எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து நீளமாக எழுதினேன். காய்ந்த மணலில் வரும் முதல் தண்ணீரை மணல் குடித்துவிடும். நனைந்த மணல் குடிக்காது. அதனால் அதே அளவு தண்ணீர் இரண்டாவது தடவை வெகு சீக்கிரம் வரும், முழுசாக வரும். போன தடவைக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் இறங்காதீர்கள். திருத்தித் திருத்தி நன்றாகவே எழுதியிருந்தேன். கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. 'சூப்பர்ணா', 'இதெல்லாம் யாரும் சொல்றதே இல்லணா' என்று போட்டார்கள். அவர்கள் பாராட்டியதில் கொஞ்சம் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அப்போது எஸ்தர் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீங்க போட்டத படிச்சேன்."

"சொல்லும்மா."

"இந்த மணல் விசயம் இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களாணா?"

"இல்லம்மா, எப்பவும் உள்ளதுதான்."

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. மேடம் சொல்லியிருந்தாங்க."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"உடனே ஏறுன்னு சொன்னேம்மா. கத்திச் சொன்னேன்."

"அத சொன்னீங்கணா. எனக்குத் தெரியும்." பின்னால் ஏதோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. "ஈரத்தையும் காய்ச்சலையும் வெரலால தொட்டே சொல்றவருணா அவரு. மேல காஞ்சாலும் உள்ள ஈரம் நிக்கும்னு எனக்கே அவருதான் கத்துக்குடுத்தாரு. மணல் நனைஞ்சிருக்குடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வந்திருப்பாரு."

நான் கைப்பேசியை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கோவத்துல கேக்கலணா. படிச்சதும் தோணுச்சு. வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் சொன்னது சரி. சீலனுக்கு அதை விளக்கக்கூட வேண்டியிருந்திருக்காது. காலடி மணலை ஒரு தடவை விரலால் கிளறிப் பார்த்திருப்பான். பொய்க் காய்ச்சல் என்று அவனே சொல்லியிருப்பான். என்னைவிட, மேடத்தைவிட, அதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளக்கூடியவன் அந்த ஆற்றில் அன்றைக்கு அவன் ஒருத்தன்தான். அவனுக்கு நான் கன அடியைச் சொன்னேன், 'உடனே' என்று சொன்னேன்.

காரணம் சொல்லக் கூடாது என்பது முறை என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்று வாசகத்தில் அதற்கு இடம் இல்லைதான். ஆனால் கரையில் இறங்கி, கணுக்கால் தண்ணீருக்கு இந்தப் பக்கம் நான் நின்றபோது, என் கையில் மைக் இல்லை. ஊர் ஜனமும் இல்லை. அவனும் நானும் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.